காலையில் பூஜ்யம், இரவில் மூன்று

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று படுக்கையறை கொண்ட சொந்த வீடு. சமையலறை அலமாரிக்குள் ஒன்பது வருடமாக ஓடும் காம்பி பாய்லர், அதாவது ஹீட்டிங்குக்கும் குளியல் வெந்நீருக்கும் ஒரே பெட்டி. கடிதத்தில் முக்கியமான பகுதி இது:

"அண்ணா, அக்டோபரில் ஹீட்டிங் போட ஆரம்பித்ததிலிருந்து இதே தொல்லை. காலையில் எழுந்து பார்த்தால் பிரஷர் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, வீடு ஐஸ் மாதிரி இருக்கிறது. என் கணவர் கீழே இருக்கும் குழாயைத் திறந்து இரண்டு வரைக்கும் ஏற்றி வைப்பார். ஹீட்டிங் ஓடும்போது முள் மூன்றைத் தொடுகிறது. மறுநாளோ அதற்கு மறுநாளோ மறுபடி பூஜ்யம். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பார்க்க வந்தவர் ஐந்து நிமிடம் நின்றார். 'பழைய பாய்லர், மாற்றிவிடுங்கள்' என்று 2,800 பவுண்ட் சொல்லிவிட்டுப் போனார். மாற்றத்தான் வேண்டுமா? வெடித்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. டிசம்பரில் மாமியார் வேறு மதுரையிலிருந்து வருகிறார். அவருக்கென்று வைத்திருக்கும் அறையில் ரேடியேட்டரின் மேல்பாதி சில்லென்று கிடக்கிறது."

சகோதரி, அந்த 2,800 பவுண்டை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டுவையுங்கள். பாய்லரை நேரில் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது: சூடாக ஓடும்போது மூன்று, ஆறிய பிறகு பூஜ்யம். பிரஷர் குறைகிறது என்று மட்டும் நீங்கள் எழுதியிருந்தால் எனக்குப் பத்துச் சந்தேகம் வந்திருக்கும். ஏறவும் செய்கிறது, இறங்கவும் செய்கிறது என்றதால் அநேகமாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது.

முதலில் இந்த முள் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். நம் ஊரில் பாய்லர் என்றால் நடுவில் கரி போட்டு எரிக்கும் செம்புப் பாய்லர். மேலே திறந்தால் ஆவி போய்விடும், அதற்குப் பிரஷர் என்று ஒன்று கிடையாது. இங்கே இருப்பது மூடிய வட்டம். பாய்லர், குழாய்கள், ரேடியேட்டர்கள் எல்லாவற்றிலும் ஒரே தண்ணீர்தான் பம்ப் போட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்கள் குளிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பார் என்பது சுமார் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். கீழ்த்தளத்துப் பாய்லரிலிருந்து மாடி ரேடியேட்டரின் தலைவரைக்கும் நாலைந்து மீட்டர் இருக்கும். தண்ணீர் அங்கே போய் நிற்கவே அரை பார் வேண்டும். அதனால்தான் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை வைக்கச் சொல்கிறார்கள். ஓடும்போது முள் கொஞ்சம் ஏறி இரண்டுக்குள் நின்றால் எல்லாம் சரி.

ஏன் ஏறுகிறது? தண்ணீர் சூடானால் விரியும். உங்கள் வீட்டு அளவில் ஹீட்டிங் வட்டத்தில் ஏறக்குறைய நூறு லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டிகிரியிலிருந்து எழுபது டிகிரிக்குப் போனால் அது இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக விரிகிறது. மூடிய குழாய்க்குள் இந்த இரண்டு லிட்டர் எங்கே போகும்?

அதற்காகத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் என்று ஒன்றை பாய்லருக்குள் வைத்திருக்கிறார்கள். இரும்பு டப்பா, நடுவில் ரப்பர் திரை. திரைக்கு ஒரு பக்கம் ஹீட்டிங் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் விரியும்போது ரப்பரைத் தள்ளும், காற்று சுருங்கி இடம் கொடுக்கும். ஆறும்போது காற்று தண்ணீரைத் திரும்பத் தள்ளிவிடும். காற்றுப் பக்கத்தில் மோட்டார் பைக் டியூபில் இருப்பது போன்ற ஒரு வால்வு இருக்கும். பெரும்பாலான வீட்டுப் பாய்லர்களில் அதற்குள் 0.75 முதல் 1 பார் வரை காற்று அடைத்திருப்பார்கள். டியூபில் காற்று இறங்குவது போலவே இதிலும் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். பைக் டியூபை மாதம் ஒரு தடவையாவது கையால் அமுக்கிப் பார்க்கிறோம். இதை ஒன்பது வருடத்தில் யாராவது பார்த்திருப்பார்களா? வருடாந்திர சர்வீஸில் பார்க்க வேண்டியதுதான். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவின் அளவை எடுத்துவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

காற்று போய்விட்டால் டப்பா முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிடும். அப்புறம் விரியும் தண்ணீருக்குப் போக்கிடமில்லை. முள் விறுவிறுவென்று ஏறும். மூன்று பாரில் சேஃப்டி வால்வு திறந்து, மிச்சத் தண்ணீரை ஒரு செம்புக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே கொட்டும். இரவு ஹீட்டிங் நின்று எல்லாம் ஆறும்போது தண்ணீர் சுருங்குகிறது, கொட்டிய தண்ணீர் கொட்டியதுதான், அதனால் காலையில் பூஜ்யம். உங்கள் கணவர் மறுபடி நிரப்புகிறார், அன்றிரவு மறுபடி கொட்டுகிறது. வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரமில்லை என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். தண்ணீர் போகும் இடம் வெளிச்சுவர்.

இதை நீங்களே உறுதிசெய்யலாம். பாய்லர் இருக்கும் சுவருக்கு வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். சுண்டுவிரலைவிடச் சற்றுத் தடித்த ஒரு செம்புக் குழாய் சுவரிலிருந்து வெளியே வந்து, தரையைப் பார்த்தபடியோ சுவர்ப் பக்கமாகத் திரும்பியபடியோ நிற்கும். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வேறு, அது எரிவாயு எரியும்போது உண்டாகும் நீரை வெளியேற்றுவது. அதில் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம். செம்புக் குழாயின் வாயில், ஹீட்டிங் ஆறியிருக்கும் நேரத்தில், ஒரு சாண்ட்விச் பையை ரப்பர் பேண்ட் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். இரவு முழுக்க விட்டு, பாய்லர் ஆறிய பிறகு பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. குழாய்க்குக் கீழே சுவர்ச் செங்கல் ஏற்கெனவே கறுத்தோ பச்சை பிடித்தோ இருந்தால் பை கூடத் தேவையில்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: அந்தக் குழாயைத் துணியோ கார்க்கோ வைத்து அடைத்துவிடாதீர்கள். பாதை ஈரமாகிறது என்று மூடி போட்டு இறுக்கியிருந்த வீடு ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். குக்கரின் சேஃப்டி வால்வை அடைப்பதும் அதுவும் ஒன்றுதான்.

இந்தப் பை சமாச்சாரத்தை நான் கற்றுக்கொண்டது அவமானப்பட்டுத்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இதே புகார். கசிவு தரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று நானாக முடிவுகட்டி, கம்பளத்தைச் சுருட்டி, வரவேற்பறைத் தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். அரை நாள் போயிற்று. கீழே தூசி பறந்தது, குழாய்கள் காய்ந்து கிடந்தன. அந்த வீட்டுப் பாட்டி டீயோடு வந்து, "பின்வாசலில் ரோஜாத் தொட்டி பக்கத்தில் ஒரு குழாய் ஒழுகுகிறதே, அதுவா தம்பி?" என்று கேட்டார். பலகைகளைத் திரும்ப அடித்துவிட்டு, அன்றைக்குக் கூலி வாங்காமல் வந்தேன்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? எரிவாயு வேலைக்குப் பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். 2009 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவேடு கேஸ் சேஃப் ரிஜிஸ்டர். அதற்கு முன்னால் கார்கி. வருபவரிடம் மஞ்சள் அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். கேட்பதற்குச் சங்கோஜப்பட வேண்டாம், ஒழுங்கானவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் கணவர் கை வேலையில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், பாய்லரின் முன் மூடியைக் கழற்ற வேண்டாம். பல மாடல்களில் அந்த மூடியே எரியறையைக் காற்றுப் புகாமல் அடைக்கும் சீல். சரியாக உட்காரவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும்.

வருபவரிடம் "பிரஷர் குறைகிறது" என்று சொல்லாதீர்கள். "ஆறியிருக்கும்போது இத்தனை, சூட்டில் இத்தனை, வெளிக்குழாயில் கட்டிய பையில் இவ்வளவு தண்ணீர்" என்று சொல்லுங்கள். எக்ஸ்பான்ஷன் வெசலின் காற்றையும் சேஃப்டி வால்வையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்த்து என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அடிக்கடி திறந்து மூடிய சேஃப்டி வால்வு பிறகு சரியாக உட்காராது. ஹீட்டிங் தண்ணீரிலுள்ள கறுப்புத் துகள் ஒன்று இடையில் மாட்டிக்கொண்டால் போதும், ஒரு பாரிலேயே சொட்ட ஆரம்பிக்கும். ஒழுகும் வால்வைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் சிலர் வால்வை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெசலில் காற்றில்லாமல் அப்படியே இருந்தால், புது வால்வும் இரண்டே மாதத்தில் பழைய வால்வின் கதிக்கு ஆளாகும்.

அவர் செய்கிற வேலையை அருகில் நின்று பார்த்தால் சரியாகச் செய்கிறாரா என்று உங்களுக்கே தெரியும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அடியிலுள்ள வால்வுகளை மூடி, உள்ளே இருக்கும் தண்ணீரின் பிரஷரைப் பூஜ்யமாக்க வேண்டும். வடிகால் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் பிரஷர் இருக்கும்போது காற்றுப் பக்கத்தை அளந்தால் பொய்க்கணக்குதான் வரும். அதன் பிறகு வெசலின் வால்வில் ஊசி போன்ற நடுப்பகுதியை ஒரு கணம் அழுத்திப் பார்ப்பார். காற்று சீறினால் நல்லது. ஒன்றுமே வரவில்லை என்றால் காற்று தீர்ந்திருக்கிறது, காற்றடித்தால் சரியாகிவிடும். தண்ணீர் பீறிட்டால் ரப்பர் கிழிந்துவிட்டது, வெசலையே மாற்ற வேண்டும். கிழியவில்லை என்றால் சாதாரணக் கால் பம்பை மாட்டிக் காற்றடிப்பார். அடிக்க அடிக்க வடிகாலிலிருந்து தண்ணீர் குபுக் குபுக்கென்று வெளியே வரும், அதாவது வெசலுக்குள் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த தண்ணீர். அது நின்று, பம்பின் கேஜ் உங்கள் பாய்லர் கையேட்டில் சொன்ன அளவைக் காட்டியதும் வடிகாலை மூடித் தண்ணீர் நிரப்பலாம். பொறுமையாகச் செய்தாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாத வேலை.

வெசல் கிழிந்திருந்தாலும் புது பாய்லர் தேவையில்லை. சில மாடல்களில் வெசல் பாய்லரின் முதுகில் இருக்கும். அதை எடுக்கப் பாய்லரையே சுவரிலிருந்து இறக்க வேண்டும், கூலி கூடும். அப்படியானால் பழையதை உள்ளேயே விட்டுவிட்டு, பாய்லருக்குத் திரும்பி வரும் குழாயில் வெளியே தனி வெசல் ஒன்றை மாட்டிவிடலாம். பார்க்க அழகாக இருக்காது, அலமாரிக்குள்தானே இருக்கப் போகிறது. இன்னொரு சாத்தியமும் உண்டு: வெசலில் காற்று சரியாக இருக்கும், ஆனால் அதற்குப் போகும் ஒல்லிக் குழாய் சேற்றால் அடைத்திருக்கும். காற்றடித்த பிறகும் முள் மூன்றுக்கு ஓடினால் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் பங்குக்கு வருகிறேன். கூடுதலாக ஏற்றி வைத்தால் கூடுதல் நாள் தாங்கும் என்று நினைத்து இரண்டு வரைக்கும் ஏற்றுகிறார். நடப்பது நேர்மாறு. ஆறிய நிலையிலேயே இரண்டில் தொடங்கினால் மூன்றுக்குப் பாதித் தூரம் ஏற்கெனவே போய்விட்டது, வால்வு சீக்கிரமே திறக்கும். இன்ஜினியர் வரும்வரை 1.2 போதும். நிரப்புவதும் ஆறியிருக்கும்போதுதான். நிரப்பும் குழாயின் வால்வை மெல்லத் திறந்தால் தண்ணீர் உஸ்ஸென்று போகும் சத்தம் கேட்கும், முள் 1.2-ஐத் தொட்டதும் மூடிவிடுங்கள். பின்னல் உறை போட்ட அந்த நெளிகுழாய், அதுதான் ஃபில்லிங் லூப், நிரப்பிய பிறகு கழற்றி வைக்க வேண்டியது. 1999ஆம் ஆண்டின் நீர் வழங்கல் விதிகளின்படி தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் தகுந்த ஏற்பாடு இல்லாமல் ஹீட்டிங் தண்ணீரும் குடிநீர்க் குழாயும் நிரந்தரமாக இணைந்திருக்கக் கூடாது. உங்கள் ரேடியேட்டருக்குள் ஒன்பது வருடமாக ஊறும் கறுப்புத் தண்ணீரை ஒரு தடவை பார்த்தால் இந்த விதியின் அருமை புரியும். சில மாடல்களில் நெளிகுழாய்க்குப் பதிலாக பிளாஸ்டிக் சாவி இருக்கும், அதையும் அப்படித்தான் உருவி வைக்க வேண்டும்.

நிரப்பிக்கொண்டே காலம் தள்ளிவிடலாமே என்றால், ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு புது ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது. இரும்பு ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறது. துருவைத் தடுக்க ஊற்றியிருக்கும் இன்ஹிபிட்டர் மருந்து நீர்த்துப் போகிறது. லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு வேறு, கெட்டிலில் படிவது போல அங்கேயும் படியும். அக்டோபரிலிருந்து நிரப்புகிறீர்கள் என்பதால், பழுது பார்த்த கையோடு இன்ஹிபிட்டரும் ஊற்றச் சொல்லுங்கள்.

இதே கடிதத்தை வேறு வீட்டிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் முள் மூன்றுக்கு ஏறவே இல்லை, மெல்ல இறங்க மட்டும் செய்கிறது என்றால் அது பெரும்பாலும் கசிவு. ஒவ்வொரு ரேடியேட்டரின் இரண்டு பக்க வால்வுகளுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள், குளியலறையில் துண்டு காயப்போடும் ரேடியேட்டரை விட்டுவிடாமல். ஆறியிருக்கும்போது துடைக்க வேண்டும். சூட்டில் சிறு கசிவு கசியக் கசியவே காய்ந்துவிடும், பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு பொருக்கு மட்டும் மிஞ்சும். அந்தப் பொருக்குதான் தடயம். ஒன்றும் அகப்படவில்லை என்றால், பாய்லரை அணைத்துவிட்டு, அதற்கு அடியிலுள்ள போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டின் வால்வுகளையும் ஓர் இரவு மூடி வைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் நகராமல் இருந்தால் கசிவு வீட்டுக் குழாயில். இறங்கியிருந்தால் பாய்லருக்குள். கான்கிரீட் தரையில் உறையில்லாமல் பதித்த செம்புக் குழாய் அரித்துப்போய்க் கசிவது இங்கே பழைய கதை. கசிவை அடைக்கும் திரவம் என்று கடையில் ஒன்று விற்கிறார்கள், அதை ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஓட்டையைத் தேடிப் போகாமல் வேறெங்காவது போய் உட்கார்ந்துகொண்டால் யார் பதில் சொல்வது?

ஹீட்டிங்கே போடாத நேரத்திலும் முள் ஏறுகிறதா? எங்கிருந்தோ மெயின் தண்ணீர் உள்ளே வருகிறது. நெளிகுழாயை முதலில் கழற்றுங்கள். ஏறுவது நின்றால் அதன் வால்வுதான் சரியாக மூடவில்லை. கழற்றிய பிறகும் ஏறினால், காம்பி பாய்லரில் குளியல் தண்ணீரைச் சூடாக்கும் தகட்டுப் பகுதிக்குள் ஊசித்துளை விழுந்திருக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் பணப்பையைத் திறக்க வேண்டாம், ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 1985ஆம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு இருக்கிறது. மின்னஞ்சலில் எழுதித் தெரிவியுங்கள், வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.

வெடிக்குமா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். பிரஷர் குக்கரின் வெயிட்டைத் தூக்குவதே சுமார் ஒரு பார்தான், இது மூன்று வரை போகிறதே என்று தோன்றும். ஆனால் குக்கரில் இருப்பது ஆவி, இதில் கொதிக்காத தண்ணீர். மூன்றில் வால்வு திறந்து கொட்டுகிறதே, அது வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். பிரஷர் தாழ்ந்தால் பாய்லர் தானாகவே நின்று திரையில் எண்ணைக் காட்டும்; வேலியன்ட் என்றால் எஃப் 22, ஐடியல் லாஜிக் என்றால் எஃப் 1, பாக்ஸி என்றால் இ 119. உங்கள் வீடு காலையில் ஐஸாக இருந்ததும் அதனால்தான். பயப்பட வேண்டியது எரிவாயு வாசனைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும். வாசனை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 0800 111 999-க்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பாய்லர் பக்கத்தில் அலாரம் இல்லை என்றால் இந்த வாரமே ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

கடைசியாக மாமியார் அறை. மேல்பாதி சில்லென்று, கீழ்ப்பாதி சூடாக இருந்தால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. பிரஷர் பூஜ்யத்துக்குப் போய்ப் போய் வந்ததாலும், அடிக்கடி புதுத் தண்ணீர் ஏற்றியதாலும் வந்தது. சின்னச் சாவியால் திறந்து காற்றை வெளியேற்றலாம், ஆனால் இப்போது செய்யாதீர்கள். காற்றை விட்டால் பிரஷர் இன்னும் இறங்கும், மறுபடி நிரப்புவீர்கள், அதே சக்கரம். வெசல் வேலை முடிந்த மறுநாள், ஹீட்டிங் ஆறிய பிறகு, ஒரு துணியை அடியில் பிடித்துக்கொண்டு சாவியைக் கால் திருப்புத் திருப்புங்கள். சீறல் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டு, கீழே போய் முள்ளைப் பார்த்து 1.2-க்குக் கொண்டு வாருங்கள். இன்ஜினியர் வர நாளாகிறது, அதற்குள் மாமியார் வந்து இறங்கிவிட்டார் என்றால், எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் ஒன்றை அவர் அறையில் வையுங்கள். நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். ஈரப் புடவையை அதன் மேல் காயப்போட வேண்டாம் என்றும் வந்த அன்றே சொல்லிவிடுங்கள்.